மலை இறங்கின மறுநாள் தொடை ஏன் வலிக்குது?

சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் திங்கள், செவ்வாயில் யார் யார் வருவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் மேடு பள்ளம் பார்க்காமல் நடந்தவர்கள், அம்மாபேட்டை குமரகிரிப் படிகளில் ஏறி இறங்கியவர்கள், புதிதாக ஜிம்மில் சேர்ந்து முதல் நாளே பஸ்கியாகப் போட்டுத் தள்ளியவர்கள். "ஏறும்போதுதானுங்க மூச்சு வாங்குச்சு. இறங்கறப்ப ஒண்ணுமே தெரியலை. இப்ப வீட்டு மாடிப்படி இறங்க முடியலைங்க. முட்டி போயிருச்சா?"

வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் அறிவுரை வாங்கியிருப்பார்கள். ஜிம் மாஸ்டர், "வலிச்சாத்தான் உடம்பு ஏறும், விடாதே" என்பார். வீட்டில் பெரியவர்கள், "உடம்புக்கு ஒத்துக்கலை, பேசாம படு" என்பார்கள். இரண்டு பேருமே அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே ஆளைக் கெடுக்கும் அறிவுரை என்பது என் உறுதியான கருத்து. எந்த இடத்தில் வலி, எப்போது வந்தது, மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இறங்குவதையே பாருங்கள். ஏறும்போது முன் தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரும் பஸ்ஸில் சூடாவது பிரேக்தானே, அந்த வேலையைத்தான் தொடை செய்கிறது. மூச்சு வாங்காததால் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். பழகாத தசையில் நுண்ணிய சேதம் அதிகம் வருவது இப்படி நீண்டபடி உழைக்கும்போதுதான். அந்த வலி உடனே வராது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், சில நாளில் தானாக அடங்கும். லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று இன்னும் பல ஜிம்களில் சொல்கிறார்கள். அது தவறு. உழைக்கும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்புக்குள் இருக்கும் வடிவம்), ஓய்வெடுத்தால் ஓரிரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை இருக்கும் வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. அதே மலையைச் சில வாரத்துக்குள் மறுபடி இறங்கிப் பாருங்கள், வலி நன்றாகக் குறைந்திருக்கும். ஒரே தடவையில் தசை அந்த அளவு பழகிக்கொள்கிறது. படுத்தே கிடப்பவருக்கு இது கிடைக்காது.

இரண்டு தொடையிலும் பரவலாக, அமுக்கினால் வலித்து, கொஞ்சம் நடந்தால் இளகுகிறதா? பயப்பட வேண்டாம், மெதுவாக நடங்கள். விரல் வைத்துக் காட்டும்படி மூட்டில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துகிறதா, வீங்குகிறதா, முட்டி மடக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறதா? நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ஏற்கெனவே முட்டி வலியோடு பயிற்சி செய்பவர்களிடம் நான் சொல்வது: பத்துக்கு மூன்று, நான்கு வரை வலிக்கலாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையா, அளவைக் குறையுங்கள். அடியோடு விட்டுவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் மனது கஷ்டப்படுவது செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களை நினைத்துத்தான். நாளெல்லாம் தரையில் உட்கார்ந்து குனிந்தபடி வேலை. குறுக்கு வலி என்று ஸ்கேன் எடுத்தால் 'டிஸ்க் தேய்ந்திருக்கிறது' என்று வரும்; டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. அன்றிலிருந்து குனிய பயம், குழந்தையைத் தூக்க பயம். முதுகைப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டே நடக்கிறார்கள், வலி இன்னும் கூடுகிறது. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரை மாதிரி அது வயதோடு வருவது. ரிப்போர்ட்டை மட்டும் வைத்து 'இனிமேல் குனியாதே' என்று ஒரு உழைப்பாளியிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய விளக்கத்திலும், வலி என்பது உணர்வும் மனமும் சேர்ந்த அனுபவம் என்றே இருக்கிறது. பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும். இதைச் சொன்னால் சிலர் "அப்போ நான் நடிக்கறேனா?" என்று கலங்குகிறார்கள். இல்லைங்க. உங்கள் வலி நிஜம். அதற்குக் காரணம் தேய்மானம் மட்டும்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

பஸ்கி போடும்போது முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்பதும் இப்படி ஒரு பயமுறுத்தல்தான். குத்த வைத்து உட்கார்ந்து பழகிய ஊர் இது, முட்டி தாண்டாமல் அப்படி உட்காரவே முடியாது. வலிய அதைத் தடுத்தால் உடம்பு முன்னால் சாய்ந்து இடுப்புக்கும் முதுகுக்கும் பாரம் போகிறது. பாதம் முழுதும் தரையில் பதியட்டும், முட்டி விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகட்டும், எடையை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நின்று விசாரிக்க நேரமில்லாத வலிகளும் உண்டு. உழைக்கும்போது நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். முதுகு வலியோடு தொடை இடுக்கு மரத்து, சிறுநீர் போவது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரி. கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அப்படித்தான், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. "வலிச்சாத்தான் உடம்பு ஏறும்" என்று சொல்லும் மாஸ்டர்கள் இந்த மூன்றையும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.