‘இரட்சணியக் கொம்பு’ சாத்தானின் கொம்பு அல்ல

வேதாகமத்தில் லூக்கா 1:69-இல் வரும் ‘இரட்சணியக் கொம்பு’ (மீட்பின் கொம்பு) சாத்தானின் கொம்பைக் குறிக்கிறது, அதை ஜெபத்தில் சொல்லாதீர்கள் என்று ஒரு செய்தி சென்னைச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. பெரம்பூரில் ஒரு பாட்டி பயந்து, தன் ஜெபத்திலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார். அதைக் கேட்டு மனம் வலித்தது.

எபிரெயத்தில் ‘கெரென்’, கிரேக்கத்தில் ‘கெராஸ்’: இரண்டுக்கும் பொருள் கொம்பு. காளையின் பலம் கொம்பில்தானே இருக்கிறது! உபாகமம் 33:17 யோசேப்பின் வலிமையைக் காட்டெருதின் கொம்புகளாகவே பாடுகிறது. சங்கீதம் 18:2-இல் தாவீது கர்த்தரைக் கன்மலை, கோட்டை, கேடகம் என்று அழைக்கும் அதே மூச்சில் இரட்சணியக் கொம்பு என்றும் அழைக்கிறார். பிள்ளையில்லாமல் அழுத அன்னாள், சாமுவேலைப் பெற்றபின் தன் கொம்பு உயர்ந்தது என்று பாடினாள். “உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?” என்று கேட்கும் நமக்கு இது புரியாதா?

வெளிப்படுத்தல் 13-இல் சாத்தானிடம் அதிகாரம் பெற்ற மிருகத்துக்குப் பத்துக் கொம்புகள் உண்டு, உண்மைதான். ஆனால் அதே நூலின் 5:6-இல் ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவுக்கும் ஏழு கொம்புகள் இருக்கின்றன. கொம்பு வல்லமையைக் குறிக்கிறது. அது யாருடையது என்பதை வசனமே சொல்லிவிடுகிறது. லூக்காவில் அது தாவீதின் வம்சத்தில் வரும் மீட்பர். ‘பொது மொழிபெயர்ப்பு’ என்னும் தமிழ் வேதாகமம் அங்கே ‘வல்லமை உடைய மீட்பர்’ என்றே தருகிறது.