அது சத்தம் இல்லை, பாட்டுதான்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட என் ஸ்பீக்கர் செட்டின் படத்துக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘இதில் கேட்பது பாட்டு இல்லை, வெறும் சத்தம்’ என்று அந்த நண்பர் எழுதியதையும், அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளையும்தான் சொல்கிறேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

என் செட்டுக்கு ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) உட்பட 18,000 ரூபாய் ஆனது. அவருக்கு ஆம்பையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற கேபிள் மட்டுமே 40,000. அவர் காசு, அவர் இஷ்டம். ஆனால் ஒரு விலைக்கு மேலே போகிற பணம் காதுக்கு வந்து சேர்வதில்லை. பத்து வருஷமாக இதையேதான் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

2,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் 20,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். அதற்கு மேலே? பெரிய ஹாலை நிரப்புகிற ஆழமான பேஸ், அதாவது அடி ஒலி, சின்னப் பெட்டியில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேபிளில் என்ன இருக்கிறது? மனிதக் காதுக்குக் கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரைதான். வயது ஏற ஏற மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும். 1982இல் வந்த சிடியே ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து அந்த 20,000 வரை பதிந்துவிடுகிறது. அதற்கு மேலே கேபிள் எதைக் கொண்டுவந்தாலும் காதுக்கு எட்டாது.

‘உனக்குக் காது இல்லை’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்னொரு நண்பர் வீட்டில் சோதித்தே பார்த்தோம். விலை கூடியது ஒன்று, சாதாரணமானது ஒன்று என இரண்டு கேபிளுக்கும் சத்தத்தை ஒரே அளவில் வைத்தோம். கொஞ்சம் கூடினாலே அதுதான் தெளிவு என்று தோன்றிவிடும், கடைகளில் நாம் ஏமாறுவது அங்கேதான். திரைக்குப் பின்னால் அவர் மனைவி மாற்றி மாற்றிப் போட்டார். எந்தக் கேபிள் என்று பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னார் நண்பர். காசு சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்.

பாட்டை மாற்றுவது கேபிள் இல்லை, அறைதான். என் ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர். பாட்டு எதிரொலித்து வார்த்தையே புரியாமல் இருந்தது. தரையில் பவானி ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். வார்த்தை தெளிந்தது, பேஸ் குழறலும் பெருமளவு போய்விட்டது.

‘வாங்க வக்கில்லாத வயிற்றெரிச்சல்’ என்று ஒருவர் எழுதினார். வக்கில்லைதான். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா? ‘காருக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்களே’ என்றார் இன்னொருவர். கொடுக்கட்டும். கார் வைத்திருப்பவர் யாரும் பஸ்ஸில் போகிறவரைப் பார்த்து ‘நீ போவது பயணமே இல்லை’ என்று சொல்வதில்லையே.

அந்தப் படத்தில் இருந்த மரப்பெட்டிகள் அப்பாவுடையவை. 1988இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு அசெம்பிள் ஆம்ப் வாங்கி வந்து, தச்சரிடம் சொல்லிச் செய்த பெட்டிகள். ஒரு பக்கம் கரகரக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா நாதஸ்வரக் கேசட் போட்டால் அக்கம்பக்கத்தார் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். நான் உள்ளே அடி ஒலி தரும் வூஃபரையும் மேல் ஒலி தரும் ட்வீட்டரையும் மட்டும்தான் மாற்றினேன்.

கடைசி மாதங்களில் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. கட்டிலை ஒட்டி ஒரு பெட்டியை வைக்கச் சொல்வார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தவில் வரும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்.

அதைத்தான் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், நண்பரே.