கிடப்பில் கிடக்கும் கடிகாரம்

ஜெர்மனியில் இருக்கும் என் மகள் ஞாயிறுதோறும் அங்கே காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்வாள். கோடையில் அது நமக்குப் பிற்பகல் ஒன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் இரண்டரை. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, குளிர்காலத்தில் பின்னே இழுத்து, வருடத்துக்கு இரண்டு முறை என் மதியத் தூக்கத்தை இடம் மாற்றிவைக்கும் இந்த ஏற்பாடு எதற்கு என்று எரிச்சலோடு படிக்க உட்கார்ந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் எப்படி ஆளப்படுகிறது என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டது அப்படித்தான்.

கதை இதுதான். கடிகாரத்தை இப்படி முன்னும் பின்னும் நகர்த்துவது தேவையா என்று 2018 கோடையில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மக்களிடம் கேட்டது. 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 84 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். (ஏறத்தாழ 30 லட்சம் பதில்கள் ஜெர்மனியிலிருந்து மட்டும் வந்தவை. ஐரோப்பாவின் குரல் என்பதைவிட ஜெர்மனியின் எரிச்சல் என்பதே பொருத்தம்.) செப்டம்பரில் ஆணையம் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 410க்கு 192 என்ற கணக்கில் ஒப்புதல் கொடுத்து, 2021 முதல் இந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

அங்கே சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை பெரும்பாலும் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்துக்குக்கூட அது கிடையாது. திருத்தலாம், ஏற்கலாம், நிராகரிக்கலாம். அது ஏற்றாலும் போதாது, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றமும் ஏற்க வேண்டும். கடிகார முன்வரைவு முடங்கிக் கிடப்பது இந்த மன்றத்தில். 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்கூட இல்லை இது. 15 நாடுகள் ஆதரித்து, அவற்றில் மொத்த மக்கள்தொகையின் 65 சதவீதம் அடங்கினால் நிறைவேறிவிடும். எதிர்த்து யாரும் வாக்களித்துத் தோற்கடிக்கவில்லை. வாக்கெடுப்புக்கே அது வரவில்லை.

தயங்குவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. நிரந்தரக் கோடை நேரமா, குளிர்கால நேரமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்று முன்வரைவு சொன்னது. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டால் ரயில் அட்டவணை என்ன ஆகும்? அயர்லாந்தின் கவலை இன்னும் நியாயமானது. தீவின் வடபகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிவிட்டதால், ஒரே தீவில் வடக்குக்கு ஒரு நேரம், தெற்குக்கு ஒரு நேரம் என்று ஆகிவிடலாம். போர்த்துகல் 1992 முதல் 1996 வரை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறிப் பார்த்துவிட்டு, குளிர்காலக் காலைகளின் இருட்டைத் தாங்க முடியாமல் பழையபடி திரும்பியது. எல்லாம் சரி. அப்படியானால் கையைத் தூக்கி வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே?

இங்கேதான் எனக்கு மற்றவர்களோடு கருத்து வேறுபாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோளாறு என்றதும் எல்லோரும் வீட்டோவைத்தான் திட்டுகிறார்கள். வெளியுறவு, வரி, புதிய நாடுகளைச் சேர்ப்பது போன்றவற்றில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் காரியம் நின்றுவிடும் என்பது உண்மை. 2020இல் பெலாரூஸ் மீதான தடைகளை, துருக்கி மீதும் நடவடிக்கை வேண்டும் என்று சொல்லிச் சைப்ரஸ் வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது. எல்லோரும் கரித்துக்கொட்டினார்கள். ஆனால் நிறுத்தியது யார், எதற்காக என்பது ஊருக்கே தெரியும். வீட்டோ போடுகிறவர் பழியையும் சுமக்கிறார். மௌனமாகக் கிடப்பில் போடுகிறவருக்கு அந்தச் சுமை இல்லை.

சபையில் இல்லாமல் இருந்தே காரியம் சாதிப்பது அங்கே பழைய பழக்கம். 1965இல், ஆறு நாடுகள் மட்டுமே இருந்த காலத்தில், விவசாய நிதிப் பிரச்சினையிலும் பெரும்பான்மை வாக்கு முறையிலும் கோபித்துக்கொண்ட பிரான்ஸ் அதிபர் டி கோல், தன் நாட்டின் நாற்காலியை ஏழு மாதம் காலியாக வைத்தார். கடைசியில் லக்சம்பர்க்கில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு, ஒரு நாடு ‘எனக்கு இது முக்கியம்’ என்றால் மற்றவர்கள் பெரும்பாலும் வாக்கெடுப்பைத் தொடவே இல்லை.

2023 டிசம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறு. உக்ரைனுடன் உறுப்பினர் பேச்சுவார்த்தை தொடங்க ஹங்கேரியின் அன்றைய பிரதமர் ஓர்பன் எதிர்ப்பு. எல்லோரும் சம்மதித்தாக வேண்டிய விஷயம். ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஷோல்ஸ், கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வாருங்களேன் என்று யோசனை சொன்னார். ஓர்பன் எழுந்து போனார். மீதி 26 தலைவர்களும் முடிவெடுத்துவிட்டார்கள். அறையில் இல்லாதவர் எதிர்க்கவில்லை என்றுதான் கணக்கு! கல்யாண வீட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும் பெரியவரை, தாலி கட்டும் நேரத்தில் பந்தி எப்படி நடக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பும் தந்திரம்தான். அதே இரவில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோவை ஓர்பன் தடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பிப்ரவரியில்தான் நிறைவேறியது.

இறையாண்மை உள்ள நாடுகள் சேர்ந்து ஆளும்போது இப்படி வளைந்து நெளிந்துதான் போக வேண்டியிருக்கும். எனக்கு அதில் புகார் இல்லை. என் புகார் ஒன்றுதான். முதல் வாசிப்பில், அதாவது முன்வரைவை முதன்முறை பரிசீலிக்கும் கட்டத்தில், மன்றம் இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கெடுவும் இல்லை. இரண்டாம் வாசிப்புக்கு மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு என்று வரையறை உண்டு. முதல் வாசிப்பில் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் உறங்கலாம். உள்ளூரில் அமைச்சர்கள், ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் ஊரைச் சொல்லி, ‘பிரசெல்ஸ் இழுத்தடிக்கிறது’ என்று பேட்டி கொடுப்பார்கள். பிரசெல்ஸில் கோப்பின் மேல் உட்கார்ந்திருப்பது அவர்களேதான்.

2025 அக்டோபரில் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ், இந்தக் கடிகார மாற்றத்தில் அர்த்தமே இல்லை, நிறுத்துவோம் என்று அறிவித்தார். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மன்றத்தின் நிகழ்ச்சி நிரலை வகுக்கும் தலைமைப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒரு நாடாகச் சுற்றிவரும். 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை அது ஸ்பெயினிடம் இருந்தது. பிரதமரும் இதே சான்செஸ்தான்.