ஹைம் போட்டாக் ஹசிடிக் ரபி அல்ல

ஒருவர், அமெரிக்க எழுத்தாளர் ஹைம் போட்டாக் ஹசிடிக் ரபியாக (யூத மதத்தின் கடும் ஆசாரப் பிரிவு ஒன்றின் மதகுருவாக) இருந்தவர், நாவல் எழுதியதால் அந்தப் பொறுப்பை இழந்தார் என்று போட்டிருக்கிறார், அதை நிறைய பேர் பகிர்ந்தும் விட்டார்கள். அப்படி இல்லைங்க. அவருக்கு ரபி பட்டம் கிடைத்தது 1954-ல், நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரியில். அது கன்சர்வேட்டிவ் என்ற, மரபையும் நவீனத்தையும் சேர்த்துக்கொள்ளும் மிதமான யூதப் பிரிவின் கல்லூரி, ஹசிடிக் மரபுக்கும் அதற்கும் ரொம்ப தூரம். முதல் நாவல் வந்ததோ 1967-ல். அதற்குள் கொரியாவில் அமெரிக்க ராணுவ மதகுரு, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே யூத இளையோர் முகாமின் இயக்குநர், யூத நூல் வெளியீட்டுக் கழகத்தின் தலைமை ஆசிரியர் என்று பல வேலை பார்த்துவிட்டார். நாவலுக்குப் பிறகும் அந்த ஆசிரியர் வேலையில்தான் இருந்தார், யாரும் எதையும் பறிக்கவில்லை.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், அந்த நாவலில் ஒரு ஹசிடிக் ரபியின் மகன் அப்பாவின் இடத்துக்கு வராமல் உளவியல் படிக்கப் போகிறான். அது பாத்திரத்தின் கதை.

சந்தேகம் இருந்தால் 2002 ஜூலையில் அவர் இறந்தபோது அமெரிக்க நாளிதழ்களில் வந்த அஞ்சலிக் குறிப்புகளைத் தேடிப் பாருங்கள், பட்டம் வாங்கிய இடம் அதிலேயே இருக்கும். அப்புறம் அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் பட்டியலை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், முன்பக்கத்திலேயே வாழ்க்கைக் குறிப்பு உண்டு.