போர்டை விடுங்கள், புத்தகத்தைக் கேளுங்கள்

கேரள எல்லையில் வாளையாறு தாண்டியதும் சிலருக்குக் கை பரபரக்கிறது. பேக்கரி வாசலில் 'னல்வரவு' என்று ஒரு பேனர் கண்ணில் பட்டால் போதும். படம் பிடித்து, 'கேரளாவில் தமிழ் படும் பாட்டைப் பாருங்கள்' என்று போட்டுவிடுகிறார்கள். கீழே ஒரு கூட்டம் வந்து சிரித்துவிட்டுப் போகிறது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் முன் தமிழ்ப் புத்தகங்களில் பிழை திருத்தி, அதாவது புரூஃப் பார்ப்பவன் என்பதால் என்னையும் தவறாமல் டேக் செய்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்ற நம்பிக்கை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த 'னல்வரவு' எப்படி வருகிறது தெரியுமா? மலையாளத்தில் நகர ஒலியும் உண்டு, னகர ஒலியும் உண்டு. எழுத்து மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, இது பாலக்காட்டுச் சித்தூர்) டிடிபி சென்டரில் இருக்கும் பையன் பள்ளியில் மலையாளம் படித்தவன். காதில் விழுகிற தமிழ் அவனுக்கு அத்துப்படி. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அதே பையன் 'வாழைப்பழம்' என்பதில் ஒருநாளும் தவற மாட்டான். ல, ள, ழ மூன்றும் அவனுக்கு வாயிலும் தனித்தனி, எழுத்திலும் தனித்தனி. ரகர றகரமும் அப்படித்தான். 'வாலைப்பலம்', 'கவணத்திற்கு', 'அரை வாடகைக்கு விடப்படும்' எல்லாம் பொள்ளாச்சி, கோவைப் பக்கம்தான் பார்க்கிறேன். (பாதி வாடகை என்று நம்பி யாராவது போய்க் கேட்டால் நன்றாக இருக்கும்.) அதையெல்லாம் யாரும் படம் பிடிப்பதாகத் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் தமிழில் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வடகரப்பதியிலிருந்தும் எருத்தேம்பதியிலிருந்தும் வருகிற தமிழ் ஆட்களை மதித்து எழுதியிருக்கிறார். உள்ளே போய், 'சேட்டா, முதல் எழுத்தை மட்டும் மாத்தணும்' என்று சொன்னால் அடுத்த பேனரில் சரியாகிவிடும். சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் டீக்குக் காசுகூட வாங்கவில்லை.

என் கோபம் வேறு இடத்தில். விலை போட்டு விற்கிற புத்தகத்தின் மேல்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. டிசம்பர் கடைசியில்தான் ஃபைல் வரும். 'ஒரு தடவை பார்த்தால் போதும் சார்' என்பார்கள். போதாது. நான் குறித்த திருத்தங்களைக் கணினியில் போடுகிறவர் வேறொருவர். ஒரு பிழையைச் சரிசெய்யும்போது பக்கத்துச் சொல்லில் ஒரு ஒற்று காணாமல் போகும். அல்லது அதே சொல் இரண்டு வரி தள்ளிச் சரியாகவே இருக்கும். அதைப் போய் மாற்றிவைப்பார். இரண்டாம் புரூஃப் என்ற ஒன்று இருப்பதே இதைப் பிடிக்கத்தான். செலவைக் குறைக்க முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள்.

மறுபதிப்பு இன்னும் மோசம். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைலை, இன்றைக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றி அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'கௌரவம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியின் பின்பாதி பார்ப்பதற்கு ளகரம் போலவே இருப்பதால், பலர் ளகரத்தையே அடித்துவிடுவார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றிய ஃபைலிலோ அது கெ, ள, ர, வ, ம் என்று ஐந்து எழுத்தாக உட்கார்ந்திருக்கும். மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் நடுவில் ஒரு ளகரத்தை வைத்து வாசித்துக்காட்டும். கண்ணை மட்டும் நம்பினால் இந்தப் பிழை சிக்காது. கெகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துப் போட்டுத் தேட வேண்டும். 'கெளுத்தி', 'கெளிறு' என்று மீன்களும் வலையில் மாட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ள வேண்டும். மௌனத்துக்கும் பௌர்ணமிக்கும் தனித்தனியாக இன்னொரு தடவை. அலுப்பான வேலைதான். அதற்குத்தானே காசு.

ஈய எழுத்துக் கோத்த காலத்தில், அடித்து முடித்த பிறகு பிழை கண்டால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியும் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் சேர்த்தார்கள். இன்றைக்கு ஐம்பது, நூறு பிரதி என்று தேவைக்குத் தேவை அச்சடிக்கிறார்கள். ஃபைலைத் திறந்து திருத்திவிட்டு அடுத்த நூறை அடிக்கலாம். செய்வதில்லை. 'வாசகர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை சார்' என்று ஒரு பதிப்பாளர் என்னிடமே சொன்னார். அவர் புத்தகத்தைப் பார்த்தால் அவர் சொல்வது உண்மையோ என்று சந்தேகம் வருகிறது.

அப்புறம், போர்டிலும் சேராமல் புத்தகத்திலும் சேராமல் ஒன்று இருக்கிறது. வினாத்தாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தமிழ் வழியில் படிக்கிறார்கள். வேறு மொழியில் எழுதித் தமிழுக்கு மாற்றிய கேள்வியில் ஒரு 'அல்ல' விழுந்துபோனால் விடையே தலைகீழாகிவிடும். பக்கத்து அறையில் மலையாளத்தில் எழுதுகிற பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. படம் பிடித்துப் போடுவதென்றால் இந்த மாதிரிப் பிழையைப் போடுங்கள், நானும் பகிர்கிறேன். இங்கே தமிழ் ஒன்றும் விருந்தாளி இல்லை. இங்குள்ள தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினால் கேள்வி கேட்ட மாதிரியும் ஆகும்.

புத்தகத்துக்கு? பென்சிலால் பக்கத்தையும் வரியையும் குறித்துவைத்து, படித்து முடித்ததும் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒருவர் எழுதினால் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்துப் பேர் எழுதினால் அடுத்த புத்தகத்தில் இரண்டாம் புரூஃபுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குவார்கள். ஆமாம், அதில் எனக்கும் லாபம் இருக்கிறது. மறைக்கவில்லையே.