எலி பட்டா பார்ப்பதில்லை

'அவனவன் தன் பாட்டைப் பார்க்கிறான்' என்றால் செல்போனைத் திட்டுகிறோம், வெளிநாட்டைத் திட்டுகிறோம். டெல்டாவில் அது எப்படியிருக்கும் என்று தெரிய, எலி வெட்டிய சம்பா வயலில் ஒருமுறை இறங்கினால் போதும்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்த காலத்தில், ஒரு வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நட்டார்கள். வேறு வழியில்லை, முறைத் தண்ணீர். 1990-இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது, ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. இப்போது ஒரே கோட்டகத்தில், அதாவது ஒட்டிக் கிடக்கும் வயல்தொகுதியில், ஒருவருக்கு அறுப்பு, பக்கத்தவருக்குத் தொண்டைக்கதிர் (கதிர் வெளிவராமல் தாளுக்குள் இருக்கும் பருவம்), அடுத்தவர் இன்னும் களையே எடுக்கவில்லை.

எலிக்கு இதைவிட என்ன வேண்டும்? கதிர் விளையும் நேரத்தில்தான் அது பெருகும். சினைக்காலம் மூன்றே வாரம். எல்லா வயலும் ஒன்றாக விளைந்தால் ஓர் ஈத்தோடு தீனி தீரும். இரண்டு மாதம் இழுத்தால் வயல் மாற்றி வயல் தின்று ஈத்து மேல் ஈத்து.

எலி பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி நல்ல ஆயுதம். மூங்கில் வில், நடுவில் பொரி. ஏக்கருக்கு 40. பொழுது சாய வைத்து, விடிய எடுக்க வேண்டும். ஆனால் ஒருவர் மட்டும் வைத்தால் காசுக்குக் கேடு. காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி நாலு நாளில் குடிவந்துவிடும். தொண்டைக்கதிருக்குப் பிறகு வைப்பதும் வீண், வயலிலேயே தீனி கிடக்கும்போது பொரியை எது சீந்தும்?

வரப்பு இன்னொரு வம்பு. ஒரு முழ அகலம், ஓரடி உயரம் போதும். அதைத் தாண்டிப் பருத்தால் வளை தோண்ட வசதி. பொது வரப்புப் புல்லை இருவருமே செதுக்குவதில்லை. ஒரு வருஷக் குத்தகைக்காரர் ஏன் செதுக்குவார், அடுத்த போகம் யார் கையிலோ! நிலக்காரர் சிங்கப்பூரில். தரிசாய்க் கிடக்கும் துண்டுதான் எலிகளுக்குத் தாய்வீடு.

இதற்குமேல் போய், பம்புசெட்டுக் கரண்டை வரப்புக் கம்பியில் விடுகிறவர்களும் உண்டு. சட்டப்படி குற்றம். விடியலில் தண்ணீர் பார்க்கப் போகிறவர் செத்திருக்கிறார், கம்பி கட்டியவரே செத்ததும் உண்டு.

ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கு. நாற்றுவிடும் தேதியையும் அதில் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோரும் நட்டு முடியுங்கள். கிட்டிக்காரர் கூலியை ஏக்கர் கணக்கில் பிரித்து, தரிசுக்காரரிடமும் வாங்கி, நட்ட முதல் மாதத்துக்குள் கோட்டகம் முழுக்க ஒரே ராத்திரியில் வையுங்கள்.