லேபில் ஹெட்போனைக் கழற்றுங்கள், வீட்டில் தம்புராவை எடுங்கள்

பாட்டு கேட்டால் ஆராய்ச்சி மாணவருக்கு மூளை நன்றாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போய்க் கிடக்கிறது. ஆதாரம் கேட்டால் மேற்கத்திய இசைமேதை மோட்சார்ட்டைக் காட்டுவார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்தது அந்த ஒரு பக்கக் கட்டுரை. கல்லூரிப் பிள்ளைகள் பத்து நிமிடம் கேட்டார்கள், வடிவப் புதிர்களில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள், கால் மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. திரும்பச் செய்து பார்த்த பலருக்கு அந்தக் கொஞ்சமும் கிடைக்கவில்லை. அதற்குள் கேசட் விற்றவர்கள் விற்றுவிட்டார்கள்.

என் கட்சி வேறு. பாட்டு கேட்பதால் ஆராய்ச்சிக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டால் உண்டு.

தம்புராவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு தந்தி: பஞ்சமம் (ப), இரண்டு சாரணை (நடு ச), மந்தர ஷட்ஜம் (கீழ் ச). முதல் சாரணையைச் சுருதிப் பெட்டியோடு சேர்த்துவிட்டு இரண்டாவதை மீட்டினால் 'வ்வாம் வ்வாம்' என்று ஒரு அலை எழும். விநாடிக்கு நாலு அலை என்றால் இரண்டு தந்திக்கும் நாலு ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஒன்று என்றால் ஒரு ஹெர்ட்ஸ். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகத் திருக அலை நீண்டுகொண்டே போய்க் கரைய வேண்டும். கடைசி மயிரிழையைப் பிருடையில் பிடிக்க முடியாது, தந்தியில் கோத்த மணியை நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜீவா நூல். தந்தியைத் தாங்கும் குதிரைமேல் அதை அரை மில்லிமீட்டர் தள்ளினாலே நாதம் விரியும், இன்னும் கொஞ்சம் தள்ளினால் செத்துவிடும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சேர்க்க வேண்டும். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி, நாலு மீட்டில் இன்னும் இறங்கும். மைக்ரோமீட்டர் திருகையும் ஒரே திசையில் திருப்பித்தான் அளவு எடுக்க வேண்டும் என்று எம்எஸ்சி முதல் வருடத்தில் சொல்கிறார்கள். அங்கே மரையின் தளர்வு, இங்கே தந்தியின் உராய்வு. கற்க வேண்டிய பழக்கம் ஒன்றுதான்.

கீபோர்டை வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டின் C) ஷட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். கீபோர்டின் கீழ்ப் பஞ்சமம் 98.0. தம்புராவில் காதால் சேர்த்த பஞ்சமம் 98.1 வரும். பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் யாருக்குக் கேட்கும் என்கிறீர்களா? ஷட்ஜத்தின் மூன்று மடங்கு மேற்சுரமும் பஞ்சமத்தின் நாலு மடங்கு மேற்சுரமும் 392-க்குப் பக்கத்தில் மோதுகின்றன. கீபோர்டுப் பஞ்சமத்தை வைத்தால் அங்கே இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஒரு அலை உருளும். நேரடியாகப் பிடிபடாத சின்ன வித்தியாசத்தை இன்னொன்றோடு கலந்து, அது பெரிதாகிற இடத்தில் போய்ப் பார்ப்பது. பரிசோதனை அறிவியலில் பாதி இதுதான்.

மதுரைக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் எம்.கே. சந்திரசேகரன் குழு வருடக்கணக்காக வௌவால்களை ஆராய்ந்தது. இந்தப் பக்கத்துக் குகைகளில் இருக்கும் இலைமூக்கு வௌவால் ஒன்று 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்துகிறது. நம் காது 20-லேயே நின்றுவிடும். அந்தக் குரலை நம் காதுக்கு எட்டும்படி இறக்கித் தரும் ஹெட்டரோடைன் டிடெக்டர் என்ன செய்கிறது? தானே 128-ல் ஒரு அலையை உண்டாக்கி வௌவாலின் 130-உடன் கலக்கிறது. மிச்சம் வரும் 2 கிலோஹெர்ட்ஸ் ஸ்பீக்கரில் விசிலாகக் கேட்கிறது. சாரணை சேர்க்கும் அதே கணக்கு.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். 132-ல் வைத்தாலும் அதே 2 கிலோஹெர்ட்ஸ் விசில்தான் வரும். வௌவால் எந்தப் பக்கம்? குமிழை மேலே திருப்புங்கள். விசில் ஏறினால் வௌவால் உங்களுக்குக் கீழே, இறங்கினால் மேலே. சுருதி சேர்த்துப் பழகிய கை இதைச் சொல்லாமலே செய்யும். மற்றவர்கள் வௌவால் குரலை மாற்றுகிறது என்று நோட்டில் எழுதிவைப்பார்கள். போனில் சாதாரணமாகப் பதிவு செய்வதும் வீண். அது விநாடிக்கு 48,000 தடவைதான் ஒலியை அளந்து எடுக்கும். இதற்கு அதிர்வெண்ணின் இரட்டிப்பான 2,60,000-க்கு மேல் வேண்டும், 384 கிலோஹெர்ட்ஸ் ரெக்கார்டர் போதும். அவ்வளவு உச்ச ஒலியைக் காற்று சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் சில மீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்காகக் குகைக்குள் நுழைந்து அதுகளைக் கலைக்காதீர்கள், அந்தி நேரத்தில் வெளியே நின்றாலே போதும்.

மிருதங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சி.வி. ராமன் கோபித்துக்கொள்வார். வெறும் வட்டத் தோலைத் தட்டினால் அதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் கரணை என்கிற கருப்புப் பூச்சை ஏற்றியதும் அவை 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன. 1920-ல் இதை அவர் நேச்சரில் எழுதினார். பிறகு தோல்மேல் மணலைத் தூவி எங்கே அசையவில்லை என்று கோடு கோடாகக் காட்டினார். மோதிர விரலைக் கரணை ஓரத்தில் லேசாக வைத்து ஆள்காட்டி விரலால் ஓரத்தைத் தட்டும் 'நம்', முதல் அதிர்வை அடக்கி இரண்டாவதை மட்டும் எடுக்கும் வேலை. கரணை விரிந்து பொக்கு விழுந்தால் அந்த வரிசை கலைந்துவிடும். ஏசி ஹாலில் தோல் காய்ந்து சுருதி ஏறும், இடது பக்கமான தொப்பியில் அப்பிய ரவையும் காயும். அதனால் வித்வான் நடுநடுவே சரிபார்க்கிறார். காலையில் ஒருமுறை அமிலத்தன்மை அளக்கும் பிஎச் மீட்டரை 4, 7, 10 பஃபரில் சரிசெய்துவிட்டு சாயங்காலம் வரை அப்படியே நம்புகிற ஆட்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஹெட்போன். தரவை உட்கார்ந்து அலசும்போது போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. கருவி ஓடும் அறையில் வேண்டாம். வேக்குவம் பம்ப் போட்டதும் களகள என்று சத்தம் வரும், காற்று குறையக் குறைய அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் எங்கோ கசிகிறது, கேஜைப் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடும். சென்ட்ரிஃபியூஜ் வேகம் எடுக்கையில் உடம்பு உதறினால் எதிரெதிர் குழாய்களின் எடை ஒத்துப்போகவில்லை. அந்த வேகத்தைத் தாண்டியதும் உதறல் நின்றுவிடலாம், அதை நம்பி ஓடவிடாதீர்கள். உடனே நிறுத்தி மறுபடி நிறுங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மைனஸ் 80 ஃப்ரீசரின் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடினால் முதலில் ஃபில்டர் தூசியைத் தட்டுங்கள்.

சோதனையில் 45 விநாடியைத் தாளம் போட்டே எண்ணிவிடலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதற்றத்தில் காலப்பிரமாணம் ஓடும். டைமர் வையுங்கள்.

லேபிலேயே சாதகம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: டிரான்ஸ்பார்மர் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ், மின்சாரத்தின் 50-க்கு இரட்டிப்பு. ஒரு கட்டைக்காரருக்கு அது மந்தர பஞ்சமத்துக்குச் சற்றே மேலே நின்று நாள் முழுக்க அபஸ்வரம் பாடும். வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள்.